பக்கத்து வீட்டு எழுத்து

2022 கோடையில் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு அம்மா வந்திருந்தாள். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் கன்னட அறிவிப்பு வந்தது. "முந்தின நில்தாண, மஹாகவி குவெம்பு ரஸ்தெ." அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "முந்தின ஸ்டேஷனா? தாண்டி வந்துட்டமா?"

எனக்குச் சிரிப்பு. கன்னடத்தில் 'முந்தின' என்றால் அடுத்தது, முன்னால் வரப்போவது. நமக்குக் கடந்து போனது அவர்களுக்கு எதிரே வருகிறது. விளக்கிச் சொன்னேன். அம்மா அத்தோடு விடவில்லை.

"சரி, யாரு இந்த குவெம்பு?"

"பெரிய கவிஞரும்மா."

"என்ன எழுதினாரு?"

ரயில் குவெம்பு ரோடு போய் நின்று, கதவு திறந்து, மூடியது. என்னிடம் பதில் இல்லை. 2014 மார்ச்சில் இந்தப் பாதை திறந்ததிலிருந்து யஷ்வந்த்பூர் ஆபீசுக்கு இதே வழியில்தான் போய் வருகிறேன். எட்டு வருடம், தினமும் இரண்டு தடவை அந்தப் பெயர் காதில் விழுந்திருக்கிறது. கன்னடத்துக்கு முதல் ஞானபீடம் வாங்கித் தந்தவர் அவர், 1967ல், ராமாயணத்தைத் தன் போக்கில் திரும்ப எழுதிய காவியத்துக்காக. இதுகூட அன்று ராத்திரி போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். நமக்கு முதல் ஞானபீடம் 1975ல் அகிலனுக்கு. அது மட்டும் பள்ளிக்கூடத்து ஜி.கே. புண்ணியத்தில் மனப்பாடம்.

நான் கல்யாணமாகி ஸ்ரீராமபுரம் வந்தது 1999ல். வீட்டுக்காரரின் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கம் பாதித் தெருவுக்கு அதே கதைதான். பூக்காரம்மா, மளிகைக்கடை, டெய்லர், சாமி ஊர்வலம் எல்லாமே தமிழ். கன்னடம் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இங்கே பிறந்து, வளர்ந்து, பேரனும் எடுத்துவிடலாம். பேச்சுக் கன்னடம் எனக்கு பஸ்ஸிலும் ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது. எழுத்துப் பக்கம் போகவே இல்லை. வீட்டில் அதற்கு ஒரு வீம்பும் இருந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது தமிழ் வாரப்பத்திரிகைகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை அத்தை இன்றைக்கும் சொல்வார். அப்படி ஒளித்தவர்களிடம் போய் 'கன்னடம் படிக்கலாமே' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தமிழ் வாசிப்புக்குக் குறைவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1950லிருந்து இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அதில் நூலகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போவேன். ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை துணி சுற்றி நிற்கும். 18 வருடம் அப்படியே நின்று, 2009 ஆகஸ்ட் 9ல்தான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன். சர்வக்ஞர் யார் என்று அன்றும் தேடவில்லை. வள்ளுவர் இரண்டடியில் சொன்ன மாதிரி அவர் மூன்றடியில் சொல்லிவிட்டுப் போனவர் என்பது பதின்மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது.

அப்புறம் எப்படிப் படிக்கத் தொடங்கினேன் என்றால், என் மகளோடு போட்ட ஒப்பந்தம்தான் காரணம். அப்போது அவள் ஒன்பதாவது. பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம், சரளமாகப் படிப்பாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. எனக்கு நேர் எதிர். ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினபின் அரை மணி: முதல் கால்மணி அவள் டீச்சர், அடுத்த கால்மணி நான்.

இரண்டு பேருக்கும் கோபம் வந்த இடம் ஒன்றுதான். "ஒரு 'க'வுக்கு நாலு எழுத்தாடி?" என்று நான் கத்துவேன். "காகம்னு எழுதிட்டு முதல் கா ஒரு மாதிரி, நடுவுல வர்ற க வேற மாதிரி! ஒரே எழுத்துக்கு எத்தனை சத்தம்மா?" என்று அவள் கத்துவாள். அத்தை டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

கன்னட எழுத்து மொத்தம் 49. ஒரு நாளைக்கு ஐந்து என்று கணக்குப் போட்டால் பத்து நாளில் முடிந்துவிடும் போலத் தோன்றும். முடியாது. எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. 'ப', 'ம', 'வ' மூன்றும் அக்கா தங்கைகள் போல் ஒரே முகம். மல்லேஸ்வரத்தை ஒரு வாரம் 'வல்லேஸ்வரம்' என்று படித்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் படுத்தியது கூட்டெழுத்து. அம்மா என்று எழுதும்போது நாம் முதல் 'ம'வின் தலையில் புள்ளி வைக்கிறோம். அவர்கள் இரண்டாவது 'ம'வைச் சின்னதாக்கி முதலாவதன் காலடியில் தொங்கவிடுகிறார்கள். தலையையே பார்த்துப் பழகின கண்ணைக் காலடிக்கு இறக்க வேண்டும். பஸ் போர்டில் ஒரு ஊர்ப் பெயர் புரியவில்லை என்றால் பத்துக்கு எட்டுத் தடவை நான் கீழே பார்க்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, புத்தகத்தை எடுக்காதீர்கள் என்பதுதான். ஏற்கெனவே பெயர் தெரிந்த இடங்களின் போர்டுகளைப் படியுங்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். பதில் தெரிந்த கேள்வித்தாள் மாதிரி. எழுத்து தடுக்கினாலும் ஊர்ப் பெயர் காப்பாற்றிவிடும்.

இரண்டாவது விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு பால் பாக்கெட் சொல்லித் தந்தது. காலையில் நந்தினி பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டே எழுத்துக் கூட்டினேன்: ஹா... லு. ஹாலு. பால். இத்தனை வருடமாகக் கடையில் 'ஹாலு' என்றுதான் கேட்டு வாங்குகிறேன், ஆனால் எழுத்தில் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே சொல் என்று உறைத்தது. நம் 'ப' சொல்லின் முதலில் வந்தால் அங்கே பெரும்பாலும் 'ஹ'. பணம் ஹண. பசி ஹசிவு. பெண் ஹெண்ணு. பத்து ஹத்து. பாட்டு ஹாடு. பாம்பு ஹாவு. அன்று பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுத்த சாவி, நம் 'வ' அங்கே 'தம்பி'யில் வருகிற 'ப'. வாய் பாயி, வாழை பாளெ, வில் பில்லு, விடு பிடு. அப்புறம் நம் 'செ' சில இடங்களில் 'கெ' அல்லது 'கி' ஆகும்: செவி கிவி. நம் 'ழ' இப்போது அவர்களிடம் 'ள': கோழி கோளி, ஏழு ஏளு. ஒரு காலத்தில் அவர்களுக்கும் 'ழ' இருந்தது, பழைய கல்வெட்டுகளில் இன்னும் இருக்கிறது. இந்த நான்கு சாவியை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் அகராதியைப் புரட்டும் வேலை பாதியாகக் குறையும்.

அகராதி என்றதும் நான் ஏமாந்த கதை ஞாபகம் வருகிறது. அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு கன்னட அகராதியை பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன். பெருமையாக வீட்டுக்கு வந்து 'ஹ' தேடினால், இல்லை. கன்னட வரிசையில் 'ஹ' கிட்டத்தட்ட கடைசியில் வரும். கடைசி நாற்பது ஐம்பது பக்கத்தை யாரோ எப்போதோ கிழித்திருக்கிறார்கள். எனக்கு எந்த எழுத்து அதிகமாக வேண்டுமோ சரியாக அது போயிருந்தது. பழைய புத்தகம் வாங்கும்போது எல்லோரும் முன்னட்டையைப் பார்ப்பார்கள், நடுவில் விரித்து மோந்துகூடப் பார்ப்பார்கள். கடைசிப் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். எழுத்து கைக்கு வந்த திமிரில் நேராகக் குவெம்புவிடமே போனேன். 'மலெகளல்லி மதுமகளு' என்று ஒரு நாவல், தலையணை கனம். அம்மாவுக்கு பதில் சொல்லியாக வேண்டும் என்ற ரோஷம். மூன்று ராத்திரியில் ஒன்றரைப் பக்கம் தாண்டியிருந்தேன். மலைநாட்டுப் பேச்சு, மரம் மட்டைகளின் பெயர், எதுவும் பிடிபடவில்லை. புத்தகம் இன்றும் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட சாமி மாதிரி.

மகள்தான் திட்டி வழிக்குக் கொண்டுவந்தாள். "நான் ஒண்ணாங்கிளாஸ்ல என்ன படிச்சேனோ அதைப் படி." பெங்களூரில் 2004ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் 2015லிருந்து 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தில் குழந்தைக் கதைகளை இலவசமாகப் போடுகிறது. ஒரே கதை கன்னடத்திலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். நான்கு படிநிலை பிரித்திருப்பார்கள், முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான். நாற்பத்தைந்து வயதில் யானைக்குட்டிக் கதை படிப்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது, மெட்ரோவில் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். ஆனால் மூன்றாவது படிக்கு வந்தபோது விரல் வைத்துப் படிப்பது நின்றிருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்தியின் சிறுகதைகள். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1920லேயே சிறுகதைத் தொகுப்பு போட்டவர், 1983ல் ஞானபீடம் வாங்கியவர். சின்னச் சின்ன வாக்கியம், திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளையும் அவர் கைவிடவில்லை. 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்று இங்கே ஒரு சொலவடை. ஆஸ்தி நமக்கும் ஆஸ்திதான், விளக்கம் தேவைப்படவில்லை. படித்து முடித்த பிறகு அவர் வீட்டு மொழி தமிழ் என்று தெரிந்தது. தேடத் தேட இன்னும் வந்தார்கள். கன்னட நவீன நாடகத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான கைலாசம் தமிழ்க் குடும்பம். மேல்கோட்டையிலிருந்து வந்த கவிஞர் பு.தி.நரசிம்மாச்சாரும் வீட்டில் தமிழ் பேசியவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னமோ புதையல் கண்டுபிடித்த மாதிரி.

அந்தச் சந்தோஷத்தோடு பசவனகுடியில் ஒரு பூங்காவில் நடந்த வாசகர் சந்திப்புக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். என் முறை வந்ததும் அரைகுறைக் கன்னடத்தில், மாஸ்தி வீட்டில் தமிழ்தான் தெரியுமா என்றேன். எதிரில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஹௌது. அதக்கேனு?" என்றார். ஆமாம், அதுக்கென்ன? அவ்வளவுதான். முகம் சுருங்கிப்போனது. வீடு வந்து யோசித்தபோது அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. கவிஞர் பேந்த்ரே வீட்டில் மராத்தி, நாடகாசிரியர் கார்னாட் வீட்டில் கொங்கணி. அதைச் சொல்லி யாரும் மார்தட்டுவதில்லை. கன்னடத்தின் எட்டு ஞானபீடத்தில் எத்தனை வீட்டு மொழி கலந்திருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு சேதியே இல்லை. புதிதாகப் போகிற தமிழர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் நாளே 'அவர் நம்மவர்' என்று தொடங்காதீர்கள். பங்கு கேட்க வந்த பங்காளி மாதிரி இருக்கும்.

அதே பெரியவர்தான் கிளம்பும்போது கல்வெட்டு பார்க்கச் சொன்னார். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் கி.பி. 890 வாக்கில் வெட்டிய கன்னட வீரக்கல்லில் 'பெங்களூரு' என்ற பெயர் இருக்கிறது, தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு வாம்மா என்றார். தொம்மலூருக்குப் போனேன். தமிழ்தான். ஒரு வரி படிக்க முடியவில்லை! சொந்த எழுத்தும் எண்ணூறு வருடம் பின்னால் போனால் பக்கத்து வீட்டு எழுத்துதான் போலிருக்கிறது.

புத்தகம் எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. சர்ச் ஸ்ட்ரீட் அழகுதான், ப்ளாஸமும் புக்வார்மும் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குச் சொர்க்கம். அந்தப் பக்கம் முன்பு பிரீமியர் என்று ஒரு குட்டிக் கடை. ஒரு புத்தகத்தை உருவினால் சுவரே சரியும் என்று பயப்படுகிற மாதிரி அடுக்கியிருப்பார்கள். 2009ல் மூடிவிட்டார்கள். கன்னடத்துக்கு காந்திநகர் சப்னா, காந்தி பஜார் அங்கித. குழந்தைப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன் என்று கடையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், கேலி செய்ய மாட்டார்கள். எனக்கு ஒரு பையன் அரை மணி நேரம் செலவழித்து மூன்று புத்தகம் பொறுக்கித் தந்தான். தமிழுக்கு இப்போது சில வருடமாக பெங்களூரிலேயே தமிழ்ப் புத்தகத் திருவிழா நடக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் மூட்டை சுமப்பது குறைந்திருக்கிறது.

வாங்காமலும் படிக்கலாம். நான் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், எல்லா ரசீதையும் வரிவரியாகப் படிப்பேன். நம் சொத்து வரியோடு நூலக வரி என்று 6 சதவீதம் சேர்த்து வாங்குகிறார்கள். காசு கொடுத்தாயிற்று, போய் உட்காருங்கள். எங்கள் வார்டு நூலகத்தில் காலையில் தாத்தாக்கள் கூட்டம், பேப்பருக்கு அடிதடி. பதினொரு மணிக்கு மேல் காலி. கப்பன் பார்க்கில் இருக்கும் சிவப்பு மத்திய நூலகத்துக்கும் ஒரு சனிக்கிழமை மகளோடு போனேன். 1915ல் கட்டிய கட்டடம், மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாக. அவர் பாலக்காட்டுத் தமிழர் என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். "அதக்கேனு?" ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் தோசை. 1943லிருந்து இருக்கும் கடை, வெள்ளிக்கிழமை லீவு, மற்ற நாளில் வரிசை. வேட்டி கட்டிய சர்வர் ஒரு கைநெடுக தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார். சுவரில் எழுத்தாளர்களின் பென்சில் ஓவியங்கள். கல்யாணமான புதிதில் வந்தபோது யாரோ முதலாளியின் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை தோசை வரும்வரை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவரை எனக்கே அடையாளம் தெரிந்தது. "மாஸ்தி" என்றேன். மகள் போனில் இருந்து தலையெடுக்காமல், "தெரியும்மா, பாடத்துல இருக்காரு" என்றாள்.

எனக்கு மிகவும் உதவிய வழியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மூலத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. கன்னடத்தில் ஒரு பத்தி, தடுக்கினால் தமிழில் அதே பத்தி, மறுபடி கன்னடம். வேகமாகப் போகாது, ஆனால் நிற்காது. இதற்குத் தோதாக ஆள் இருக்கிறார்கள். பெங்களூரில் வாழும் பாவண்ணன், கன்னட நாவலாசிரியர் பைரப்பாவின் 'பருவம்' மொழிபெயர்ப்புக்கு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' நாவல் நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது, மெலிந்த புத்தகம், இரண்டாவதாக எடுக்கலாம். நான் எடுத்தது சித்தலிங்கய்யாவின் தன்வரலாறு. கன்னடத்தில் 'ஊரு கேரி', பாவண்ணன் தமிழில் 'ஊரும் சேரியும்'. கேரிதான் சேரி, செவி கிவி சாவி தலைப்பிலேயே வேலை செய்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த தலித் கவிஞர் வளர்ந்தது எங்கள் ஸ்ரீராமபுரத்தில். நான் இருபது வருடம் கறிகாய் வாங்கின தெருக்களில் இருந்து ஒருவர் போய் கன்னடக் கவிதையையே திருப்பிப் போட்டிருக்கிறார், எங்களுக்குச் சேதி தெரியாது.

மகளுக்கு இப்போது தமிழ் ஓரளவு ஓடுகிறது. அந்தத் தமிழ்ப் புத்தகத்தை ராத்திரி அவள் சத்தமாகப் படிப்பாள், நான் கன்னடத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வேன். அத்தை டிவியைக் குறைக்க ஆரம்பித்தது எந்த வாரத்திலிருந்து என்று கவனிக்கவில்லை. சித்தலிங்கய்யா சின்ன வயதில் சுடுகாட்டில் போய் உட்கார்ந்து படித்ததைச் சொல்லும் இடம் வந்தது. மகள் 'சுடுகாடு'வில் தடுக்கி, மறுபடி படித்தாள்.

"இங்க இருக்கறதா?" என்றார் அத்தை.

"இங்கதான் பாட்டி."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் போகாதடான்னு உங்கப்பனை எத்தனை நாள் வெளக்குமாத்தால அடிச்சிருக்கேன்" என்றார். "சரி, மேல படி."